ஒரு சொட்டும் விழாத பேப்பர்

ஷார்ஜா
25.10.1987

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நலம். உங்கள் முட்டிவலி எப்படியிருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே நான் ஜெயித்துவிட்டேன். முதலாளியின் பதினெட்டு வருடப் பழைய காருக்கு, இந்த வெயிலைத் தாங்கட்டும் என்று சிந்தெடிக் ஆயில் என்ற புதுவகை இன்ஜின் எண்ணெயை ஊற்றப் போனேன். எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் வேலாயுதம், சின்னசேலத்துக்காரர், தடுத்தார். "இன்னாடா பண்றே? பழைய இன்ஜின்ல இத ஊத்துனா ஒழுகிக்கினே இருக்கும். உன்ன ஊருக்கு ஏத்திடுவாங்க."

"ஒழுகறது ஆயிலால இல்லண்ணே, தேஞ்ச ரப்பர் சீலால. இத்தினி நாளா அழுக்கு அடைச்சிக்கினு இருந்தது, இந்த ஆயில் அதக் கழுவிடும், அவ்ளோதான்" என்று சொல்லி, சீல்களை மாற்றிவிட்டே ஊற்றினேன்.

கரியாலூர் மலை ஏறுமுன் நம் அம்பாசிடருக்கு அடியில் பேப்பர் விரித்துப் பார்ப்பீர்களே, அப்படியே விரித்தேன். நீங்கள் முறுக்கு டப்பாவைச் சுற்றி அனுப்பிய பேப்பர்தான். மூன்று நாளாகியும் ஒரு சொட்டு விழவில்லை. இனிப் பழைய வண்டியெல்லாம் என் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தப் பேப்பரில்தான் இடஒதுக்கீட்டு மறியலில் சாலையில் மரம் வெட்டிப் போட்டதைப் படித்தேன். எல்லாம் ஓயும்வரை வண்டி எடுக்காதீர்கள்.

கடிதம் கொண்டுபோகிறவர் கிளம்பிவிட்டார். அடுத்தமுறை முறுக்கு கம்மியானாலும் பேப்பரை ஜாஸ்தியாகச் சுற்றுங்கள். வண்டிக்கு அடியில் விரிக்க இனித் தேவைப்படாது; ஊர்ச் சேதி படிக்கத்தான்.

மகன்,
ரவூப்