இன்னொரு சொட்டு

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று கிட்வாய் நகரில் எங்கள் குடியிருப்பிலேயே ரத்தப் பரிசோதனை முகாம். நான் லேபில் வேலை பார்ப்பதால் விரலில் ஊசி குத்தும் வேலை எனக்கு. சர்க்கரை பார்க்க வாசல்வரை வரிசை நின்றது. எச்.ஐ.வி.யும் பார்க்கலாம் என்றால் ஆண்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: "நாங்க குடும்பஸ்தங்கம்மா."

என் வீட்டுக்காரர்தான் மைக்கைப் பிடித்தார். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கல்யாணமானவங்களும் பாத்துக்கணும்." நன்றாகவே பேசினார். ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அவரும் வந்து விரலை நீட்டினார்.

"ரெண்டும் பாத்துடலாமா?" என்றேன்.

"சர்க்கரை மட்டும் போதும். ஜல்தி பண்ணு, நாற்காலியெல்லாம் எடுத்து வைக்கணும்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. குவாஹாத்தியில் இரண்டு வருஷம் தனியாக இருந்துவிட்டு வந்தவர்.

சர்க்கரை பார்த்தாயிற்று. விரலில் இன்னொரு சொட்டு திரண்டு நின்றது. எச்.ஐ.வி. பார்க்க அது போதும். ஆனால் சம்மதம் இல்லாமல் பார்க்கக் கூடாது. காலையிலிருந்து எல்லோரிடமும் நான்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சால் துடைத்துவிட்டேன்.

நாளை லேபுக்குப் போனதும் முதலில் என் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும்.