மூன்றாவது வரியில் பழைய கெர்னல்

மார்ச் 3, செவ்வாய்

மனைவியின் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து எழுத்துப்படி சரிபார்ப்பவர்கள் எல்லாரும் புதிய மென்பொருளில்தான் வேலை செய்ய வேண்டுமாம். நம் வீட்டு மடிக்கணினியில் இருக்கும் பழைய இயங்குதளத்தில் அது ஏறாது. "புதுசு போட்டுட்டாப் போச்சு, இதுல என்ன?" என்றேன். திறமூல இயங்குதளம்தானே, இறக்கிப் போடக் காசா பணமா? வெளியே பொறுப்பாகப் பேசினேன். உள்ளுக்குள் ஒரே குஷி. புதிய பதிப்பில் என்னவெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று நோண்டிப் பார்க்க ஒரு சாக்குக் கிடைத்தது.

மார்ச் 7, சனி

போட்டாயிற்று. எல்லாம் பளபளவென்று வருகிறது. அவளுடைய பிரெய்ல் பட்டை மட்டும் செத்துக் கிடக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளியும்.

அவளுக்குப் பார்வை கிடையாது. வழக்கு விசாரணைகளின் ஒலிப்பதிவு காதில் ஓடும். வேறு யாரோ தட்டச்சு செய்த எழுத்துப்படி விரலுக்கடியில் ஓடும். விசைப்பலகைக்கு முன்னால் இருக்கும் அந்தப் பட்டையில் சின்னச் சின்னப் புள்ளிகள் எழுந்து எழுந்து அடங்கி எழுத்தாகும். காது ஒன்று சொல்லி விரல் வேறொன்று சொன்னால், அங்கே பிழை. அதைப் பிடிப்பதுதான் அவள் வேலை. அதில் அவளை அடிக்க ஆள் இல்லை.

"திரையைப் படிச்சுக் காட்டுற குரல் இருக்கே, அதை வச்சு சமாளிக்க முடியாதா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஒரே காதுல ரெண்டு பேர் பேசினா உங்களுக்குப் புரியுமா?"

பட்டையைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. இனி வேறு பட்டை என்றால் விண்ணப்பம் எழுதிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போதைக்கு ஒரு வாரம் விடுப்புச் சொல்லியிருக்கிறாள். ஆனால் பட்டைக்கு ஒரு குறையும் இல்லை. பழைய இயங்குதளத்தில் நேற்று வரை ஓடியதுதானே! அப்படியென்றால் மாறியது எது?

மார்ச் 10, செவ்வாய்

மாறியது கெர்னல். இயங்குதளத்தின் அடியில் உட்கார்ந்து, செருகிய சாதனங்களோடெல்லாம் பேசுவது அதுதான். மேலே தெரிகிற ஜன்னல், பொத்தான் எல்லாம் அதன் தலைமேல் நிற்பவை. அப்படியானால் மேலே புதியதை வைத்துக்கொண்டு அடியில் பழையதைப் போட்டால்?

இன்று டெப்போவில் மெக்கானிக்கிடம் கேட்டேன். நான் பஸ்களுக்குக் கால அட்டவணை போடுகிறவன், அவர் பஸ்ஸின் வயிற்றுக்குள்ளேயே குடியிருப்பவர். கணினி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் சட்டென்று சொன்னார்: "பாடி புதுசு, எஞ்சின் பழசா? ஓடும் சார். ஏதாவது ஒரு மூலையில கடமுடன்னு சத்தம் வரும். பழகிக்கணும்."

மார்ச் 14, சனி

ஓடுகிறது!

பழைய பதிப்பின் கெர்னலைத் தனியாக எடுத்துப் புதிய இயங்குதளத்தில் நிறுவினேன். கணினி மறுபடி கிளம்பும்போது கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. புதியதற்கு இரண்டு வரிகள், அதற்குக் கீழே மூன்றாவதாகப் பழையது. தேர்ந்தெடுத்தேன். என்னென்னவோ முணுமுணுத்தது. திரை வந்தது. அவள் பட்டையில் கை வைத்தாள். முகமே சொல்லிவிட்டது. புது மென்பொருளும் திறந்தது. மேல் மாடிக்காரருக்குக் கீழ் வீட்டுக்காரர் மாறியதே தெரியவில்லை போலிருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்? இதைப் படித்தே ஆக வேண்டும்.

மெக்கானிக் சொன்ன கடமுடாவும் உண்டு. மடிக்கணினியை மூடித் திறந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மூடாமல் இருந்தால் போயிற்று.

ஒரே ஒரு சிக்கல். அந்தப் பட்டியல் வரும் நேரத்தில் குரலும் கிடையாது, புள்ளியும் கிடையாது. அவளால் தேர்ந்தெடுக்க முடியாது. "அப்போ தினமும் நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கணுமா?" என்றாள். குரல் சரியில்லை. தானாகவே மூன்றாவது வரியைப் பிடித்துக் கிளம்பும்படி அமைத்துக் கொடுத்தேன். "இப்போ சரியா?" "சரி."

மார்ச் 22, ஞாயிறு

மாலையில் அவள் கடைக்குப் போயிருந்தாள். புதிய மேம்படுத்தல்கள் காத்திருப்பதாக மூலையில் ஒரு புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது. நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. எல்லாவற்றையும் ஏற்றினேன். என்னென்ன வந்திருக்கிறது என்று நாளை பார்க்க வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

காலையில் நான் டெப்போவுக்குக் கிளம்பிய பிறகு அவள் கணினியைப் போட்டிருக்கிறாள். பட்டை எழவில்லை. அணைத்துப் போட்டாள், மறுபடியும் போட்டாள். மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய பதிவு. எனக்கு ஆறு முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் அட்டவணைக் கூட்டத்தில் கைப்பேசியை அமுக்கி வைத்திருந்தேன்.

நேற்று வந்த மேம்படுத்தலில் ஒரு புத்தம்புதிய கெர்னல் வந்து தலைமேல் உட்கார்ந்துகொண்டது. அதோடு வரிகள் கீழே நகர்ந்துவிட்டன. பழையது மூன்றாவதில் இல்லை. கணினி சொன்ன சொல் தவறாமல் மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது! "மூணாவதா நிக்கிற பஸ்ஸை எடு" என்று எந்த டிரைவரிடமாவது சொல்வேனா? தடம் எண்ணைத்தானே சொல்வேன்? கெர்னலுக்கும் பெயர் இருக்கிறது. பெயரைச் சொல்லி அமைக்க இன்னும் அரை நிமிடம் ஆகியிருக்கும். சோம்பேறித்தனம்.

அவள் மேற்பார்வையாளர் அம்மா தன்மையாகத்தான் பேசினாராம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கேஸ் பதிவெல்லாம் வேற ஆளுக்குத்தான் குடுக்க வேண்டியிருக்கும்."

"தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன்.

"தெரிஞ்சுதான் பண்ணீங்க. என்ன ஆகும்னு பாக்க ஆசையா இருந்துச்சு, அதான். உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இது பொழப்பு."

மார்ச் 24, செவ்வாய்

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நான் வருவதற்கு முன்பே படுத்துவிட்டாள்.

மார்ச் 26, வியாழன்

பெயர் சொல்லி அமைத்துவிடலாம் என்று கணினி முன் உட்கார்ந்தேன். கடவுச்சொல் ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன். அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது: "மாத்திட்டேன். அமைப்பையும் நானே பேர் சொல்லிச் சரி பண்ணிட்டேன்."

எழுந்து போய்த் துணி மடித்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

அவளே ஆரம்பித்தாள். "பழசுலயே எத்தனை நாள் ஓட்டறது? அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராதுன்னு படிச்சேன். புதுசுல ஏன் வரலைன்னு கண்டுபிடிக்கணும். கூட உட்கார்றீங்களா?"

கூட உட்கார்றீங்களா என்று என்னிடம் கேட்கிறாள்! பல்லைக் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். நல்லவேளை, அவளுக்குத் தெரியாது. (தெரியும். "போதும், சிரிச்சது" என்றாள்.)

வழி எளிது. ஓடுகிற பழையதற்கும் ஓடாத புதியதற்கும் இடையே ஆயிரக்கணக்கான மாற்றங்கள். நடுவில் ஒன்றை எடுத்து, அதுவரையிலான நிரலைச் சேர்த்து ஒரு கெர்னலைக் கட்டி, பட்டை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால் கோளாறு பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியில் மறுபடி நடு. ஒவ்வொன்றையும் கட்ட மணிக்கணக்காகும். அவளுடைய வேலைநாட்களில் தொடுவதில்லை என்பது ஒப்பந்தம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூன்றாவது கெர்னலைக் கட்டிய பிறகு கட்டளைகளை நான் சொல்லவே தேவைப்படவில்லை. அவளே அடிக்கிறாள், என்னைவிட வேகமாக. என் உத்தியோகம் கணினி கிளம்பும்போது வரும் பட்டியலைப் படித்துக் காட்டுவதும் தேநீர் போடுவதும்.

இன்று ஒரு விஷயம். ஓடாத கெர்னலில் பட்டை செத்துக் கிடக்கிறது என்றே எழுதிவந்தேன். என் கண்ணுக்கு அப்படித்தான். அவள் கையை எடுக்காமல் வைத்திருந்துவிட்டு, "இல்லை, எழுந்து உட்காருது" என்றாள்.

"என்னது?"

"கொஞ்சமா எழும்புது, உடனே படுத்துருது. யாரோ தூங்கச் சொன்ன மாதிரி."

தூங்கச் சொன்ன மாதிரி! மின்சாரம் மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும் சாதனத்தைக் கெர்னல் உறங்க வைக்கும். பட்டை சும்மா இருப்பதாக அதற்கு யார் சொன்னது?

ஏப்ரல் 12, ஞாயிறு

சிக்கிவிட்டது. ஒரே ஒரு மாற்றம். முகம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார். இந்த வகைச் சாதனங்கள் எல்லாம் உடனே உறங்கட்டும் என்று எழுதியிருக்கிறார். எங்கோ ஒருத்தி அதன்மேல் விரல் வைத்துக் காத்திருப்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருக்குக் கடிதம் எழுத நான் வரிந்து கட்டினேன். "நானே எழுதிக்கறேன்" என்றாள். படித்துக் காட்டினாள். என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சரி, எதற்கு இருக்க வேண்டும்?

ஏப்ரல் 19, ஞாயிறு

பதில் இல்லை. நாளெல்லாம் "வந்துச்சா?" என்று கேட்டு அவளைப் படுத்தி எடுத்தேன்.

ஏப்ரல் 27, திங்கள்

வந்துவிட்டது. மாற்றம் செய்தவரே மன்னிப்புக் கேட்டு, ஒரு திருத்தமும் அனுப்பியிருக்கிறார். நாலைந்து வரிகள்தான். முயன்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

இந்த வாரம் டெப்போவில் புதிய அட்டவணை, மூச்சுவிட நேரமில்லை. "சனிக்கிழமை ரெண்டு பேரும் உட்காருவோம், அதுவரைக்கும் பொறு" என்றேன். "ம்" என்றாள். புதிய கெர்னலில் அந்தப் புள்ளிகள் எழுந்து, படுக்காமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். பஸ் நேரம் போடும்போதும் அதே நினைப்பு. ஒரு தடத்துக்கு இரண்டு முறை நேரம் போட்டுவிட்டேன்.

மே 2, சனி

தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு, நாற்காலியை அவள் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். வேலையில் இருந்தாள். சனிக்கிழமையும் பதிவு அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் பெரிய வழக்கு. காதில் ஒலிப்பதிவு, பட்டைமேல் விரல்கள். ஒரு பதிவு முடிந்து காதிலிருந்து கழற்றும்வரை காத்திருந்தேன்.

"ஆரம்பிக்கலாமா?"

"எதை?"

"அந்தத் திருத்தத்தை."

"அது செவ்வாய்க்கிழமையே போட்டாச்சே. புதுசுலதான் ஓடுது. அவருக்கும் எழுதிட்டேன்."

நான்கு நாட்களாக! நான் இரவு வந்து சாப்பிட்டுப் படுத்த அந்த நான்கு நாட்களும் அது இங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"வேலை வந்து குமிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் மறந்தே போச்சு."

பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "புள்ளி எழுந்து நின்னுச்சே, அப்போ எப்படி இருந்துச்சு?"

காதில் மாட்டுவதை மறுபடி கையில் எடுத்தாள்.

"எப்பவும் போலத்தான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு பதிவு பாக்கி இருக்கு, அப்புறம் பேசலாமா?"

தேநீரை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.