காமினி வராத நிச்சயதார்த்தம்

ஜுரு
3.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீயும் அத்தானும் காமினியும் சுகம்தானே? போனில் பேச எனக்கு எப்போதுமே வராது. அதிலும் இதைச் சொல்ல வாயே வரவில்லை.

பதினாறாம் தேதி, பிறை ஊரில் ஜெயலெட்சுமி வீட்டில் என் நிச்சயதார்த்தம். அவள் அம்மா கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லதானே தம்பி?" இல்லை என்று சொல்லிவிட்டேன். காமினிக்கு ஆட்டிசம் என்று சொல்லவில்லை. அன்று ஒரு நாள் மட்டும் அவளை யாரிடமாவது விட்டுவிட்டு வர முடியுமா? கூட்டம் அவளுக்கும் ஆகாதே.

உன் தம்பி
குணாளன்

*

ஜார்ஜ் டவுன்
8.2.2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் மட்டும் சீர்த்தட்டோடு வருவார். என் மகளை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். மாமன் விசேஷத்துக்கென்று எங்கள் துணிக்கடையிலேயே அவளுக்கு மஞ்சள் பாவாடை எடுத்திருந்தேன். அதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு திரிகிறாள்.

"இது உங்க பக்கத்து இரத்தம்" என்று என் மாமியார் சொல்லும்போதெல்லாம் குற்றவாளிபோல நிற்பேன். போன வாரம் டாக்டரிடமே கேட்டேன். "ஒரு மரபணு மட்டும் காரணமில்லம்மா. நூத்துக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம்தான் செய்யும். அது ரெண்டு பக்கமும் உண்டு, எல்லார்கிட்டயும் உண்டு, என்கிட்டயும் உண்டு. சில பிள்ளைங்களுக்குக் கூடுதலா சேந்துடும்," என்றார். சத்தம் தாங்காதவர், பேசுவதைவிட எழுதுவது சுலபம் என்பவர், ஆளை மறந்தாலும் அவர் கார் நம்பரை மறக்காதவர், இப்படி வீட்டில் யாராவது உண்டா என்று கேட்டார். உன்னைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா
குணவதி

*

ஜுரு
18.2.2025

அன்பு அக்கா,

எல்லாம் நல்லபடி முடிந்தது. சாப்பிடும்போது ஜெயலெட்சுமி என் போனில் காமினியின் படத்தைப் பார்த்தாள். "யாரு இந்தப் பிள்ளை? அழகா இருக்கா லா," என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றேன். அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். நான் இலையை மூடிவிட்டேன்.

அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நானே சொல்கிறேன்.

குணாளன்

*

ஜுரு
2.3.2025

அன்பு அக்கா,

நீ பதில் போடவில்லை. போடாதது நியாயம்தான்.

நேற்று ஜெயலெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுதுவிட்டாள். அவளுக்கு தேவேந்திரன் என்று ஓர் அண்ணன் இருக்கிறாராம். அவருக்கும் ஆட்டிசம். நிச்சயதார்த்தத்தன்று அவரைச் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். "நாங்க மட்டும் என்ன யோக்கியம்?" என்றாள்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மனசு லேசாகிவிட்டது. கல்யாணத்துக்குக் காமினியோடு நீ முன்வரிசையில் உட்கார வேண்டும்.

உன் தம்பி
குணாளன்

*

ஜார்ஜ் டவுன்
9.3.2025

தம்பிக்கு,

ஜெயலெட்சுமியைப் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துவிட்டது. தேவேந்திரனை நான் விசாரித்ததாகச் சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லாமல் இருந்திருந்தால், நீ காமினியைக் கல்யாணத்துக்கு அழைத்திருப்பாயா? அவளுக்குப் பந்தலில் இடம் கிடைத்தது உன்னாலா, தேவேந்திரனாலா?

எது பதிலானாலும் வருத்தமில்லை என்று எழுதினேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன்.

குணவதி

*

ஜுரு
17.3.2025

அக்கா,

அழைத்திருப்பேன் என்றுதான் முதலில் எழுதினேன். தபாலில் போடப் போய், போடாமல் திரும்பி வந்து கிழித்தேன்.

அழைத்திருக்க மாட்டேன். ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன், அவளுடைய நல்லதுக்கு என்பதுபோலவே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கல்யாணப் பத்திரிகை இல்லாமல். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. காமினி விளையாடும் இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருக்க மட்டும் விடு.

குணாளன்