கவிழ்த்துப் போட்ட மீன்

மார்ச் 3, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கயிற்றுக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டுச் சந்தை முனைக்குப் போனேன். சுங்மோ சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். ஆனால் தனியாக வரவில்லை.

அவன் அப்பா போனதிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கும் அவனுக்கும் மட்டும்தான். ஒரு வாரம் பன்றி எலும்புச் சூப், ஒரு வாரம் விலாங்கு, வெயில் காலம் என்றால் ஐஸ் போட்ட கோதுமை நூடுல்ஸ். பூசானில் நாங்கள் இரண்டு பேரும் உட்காராத கடை இருக்காது. நடுவில் யாரையும் சேர்த்ததில்லை. இன்று ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, இது யோன்ஜு. எங்க ஆபீஸ்தான்."

முப்பத்தைந்து வயசுப் பிள்ளைக்குக் காது சிவந்து கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

சுங்ஜுக்காரியாம், மலைப்பக்கத்து ஊர். அப்பாவுக்கு ஆப்பிள் தோட்டம். நான் உட்காரும்வரை நின்றாள். கரண்டிக்கு அடியில் காகிதம் விரித்து வைத்தாள். தண்ணீரை இரண்டு கையாலும் ஊற்றினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்கு ஆகவில்லை.

சூப் வந்ததும் சுங்மோ தன் கிண்ணத்திலிருந்து நல்ல துண்டாக எடுத்து அவள் சோற்றில் வைத்தான். அடுத்ததை எனக்கு வைத்தான். அடுத்ததை! தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே தன்னுடையதை எடுத்து என் கிண்ணத்தில் போட்டாள். எனக்கென்ன பிச்சையா?

மார்ச் 10, ஞாயிறு

இன்றும் வந்தாள். இன்று கடையை நான் தேர்ந்தெடுத்தேன். உயிர்க் கணவாய். வெட்டிய பிறகும் தட்டில் நெளிந்துகொண்டிருக்குமே, அது. மலைக்காட்டுப் பெண்தானே, பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன்.

ஓடவில்லை. அதன் கால் உறிஞ்சிகள் கன்னத்தில் ஒட்டிக்கொள்ள, கண்ணில் நீர் வர, மென்று முழுங்கினாள். "அம்மா, இது என்னையே திருப்பிக் கடிக்குது!" என்று சிரிப்பு வேறு. கடைக்காரியும் சிரித்தாள். சுங்மோ மெடல் வாங்கியவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

நான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

துறைமுகத் தெருவில் சுட்ட கானாங்கெளுத்தி சாப்பிட்டோம். சுங்மோ கை கழுவப் போயிருந்தான். மேல்பக்கச் சதை முடிந்ததும் யோன்ஜு சாப்பாட்டுக் குச்சியால் மீனை அலாக்காகத் தூக்கி மறுபக்கம் புரட்டிப் போட்டாள். சர்வ சாதாரணமாக. பக்கத்து மேசையில் வலைக்காரக் கிழவர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவள் கவனிக்கவே இல்லை.

கடல்காரர் யாரும் மீனைப் புரட்ட மாட்டார்கள். மீனைக் கவிழ்த்தால் படகு கவிழும். நடுமுள்ளை உருவிவிட்டுத்தான் அடிப்பக்கம் சாப்பிடுவோம். சுங்ஜுவில் கடலே கிடையாது, அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

நானாவது சொல்லியிருக்கலாம். "இங்க அப்படிப் பண்ணக் கூடாதும்மா" என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் இருபத்தேழு வருஷம் மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர், அவரே புரட்டுவார். படகுத்துறைச் சாராயக் கடையில் வேண்டுமென்றே புரட்டிப் போட்டு எல்லோரையும் பதற வைப்பார். "கவுந்தா கவுறட்டும், நமக்கென்ன நீச்சல் தெரியாதா?" கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. கல்லீரல் கெட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போனார். சுங்மோவுக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான், இவர் கடலில் இருந்தார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இலையுதிர் காலத்தில் கல்யாணமாம். மேசை அடுப்பில் விலாங்கு வெந்துகொண்டிருக்கும்போது சொன்னான். நான் கத்தரிக்கோலால் விலாங்கைத் துண்டு போட்டுக்கொண்டே இருந்தேன்.

"அப்புறம் ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டேன்.

"மாசத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா வருவோம்மா. அவங்க வீட்டுக்கும் போவணும்ல."

மாசத்துக்கு ஒரு தடவை. முடி வெட்டிக்கொள்ளப் போகிற மாதிரி.

ஏப்ரல் 20, சனி

இரண்டு வீட்டாரும் முதல்முதலாகச் சேர்ந்து சாப்பிடும் விருந்து அடுத்த வாரம். பெண் வீட்டார் ஹோட்டலில் மாட்டுக்கறி விருந்து என்றார்கள். பூசான் வரைக்கும் வந்துவிட்டு மாட்டுக்கறியா, கடலோரம் மீன்தான் என்று சொல்லி நானே தனி அறை பேசிவிட்டேன். முழுச் சங்கரா மீன், சுட்டது, வாலோடு தலையோடு.

பக்கத்துக் கருவாட்டுக் கடை மல்சூன், "என்னக்கா, மகன் கல்யாணம்னதும் மொகமெல்லாம் இப்படி மின்னுது?" என்றாள். நாற்பது வருஷப் பழக்கம். அவளுக்குக்கூடப் புரியவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

முடிந்தது. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அவள் அப்பா வெயிலில் கறுத்த மனுஷன். புதுக் கோட்டு, கழுத்துப் பட்டன் இறுக்கிப் பிடிக்கிறது. அம்மா வாயே திறக்கவில்லை. ஒரு பெட்டி ஆப்பிள், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றியது. நான் நன்றாகத்தான் பேசினேன். தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன், அவருக்கு இரண்டு கிண்ணம் அரிசிக் கள் ஊற்றினேன். மனுஷன் குளிர்ந்துபோய், "எம்பொண்ண இனி உங்க பொண்ணா நெனச்சுக்குங்க" என்றார்.

மீன் வந்தது. மேல்பக்கத்தைச் சாப்பிட்டு முடித்தோம். நான்தான் சொன்னேன்: "ஏம்மா யோன்ஜு, அடிப்பக்கந்தான் எனக்குப் பிடிக்கும். உன் கையால கொஞ்சம் எடுத்துக் குடு."

பூரித்துப்போனாள் பாவம். சுங்மோ அந்தப் பக்கம் திரும்பி அவள் அப்பாவுக்குக் கள் ஊற்றிக்கொண்டிருந்தான். எழுந்து நின்று, பெரிய கரண்டியும் குச்சியும் கொண்டு, ஒரு துளி சிந்தாமல் அந்த மீனைப் புரட்டினாள்.

நான் கரண்டியைக் கீழே போட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அழுதேன் — நிஜமாகவே கண்ணீர் வந்தது, அது எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

"இருபத்தேழு வருஷம்! எங்க வீட்ல ஒருத்தர் கை மீனக் கவுத்ததில்ல. அதனாலதான் அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் உசுரோட கரைக்கு வந்தாரு. நீ வர்றதுக்கு முன்னாடியே எங்குடியக் கவுத்துட்டியே!"

யோன்ஜுவின் முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது" என்று தரையில் மண்டியிட்டாள். அவள் அப்பாவும் எழுந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒரு முறை. இரண்டு முறை. அதோடு நான் விட்டிருக்கலாம்.

"பெத்தவங்க சொல்லிக் குடுக்கணும். ஆப்பிளுக்குக் காயிதம் சுத்தத் தெரியுது, பொண்ண வளக்கத் தெரியலையே" என்றேன்.

மூன்றாவது முறை அவர் குனியவில்லை. கோட்டை எடுத்தார், பெண்டாட்டியைக் கையைப் பிடித்து எழுப்பினார். "ஏய், எந்திரி. மீனுக்கு இவ்வளவு மதிப்பு குடுக்குற வீட்ல மனுஷிக்கு என்ன மதிப்பு இருக்கப்போவுது?" என்று மகளிடம் சொன்னார். போய்விட்டார்கள். சுங்மோ பின்னாலேயே ஓடினான்.

நான் உட்கார்ந்து மீதி மீனைச் சாப்பிட்டேன். அருமையான மீன்.

மே 1, புதன்

மல்சூன் துருவித் துருவிக் கேட்டாள். பெண் வீட்டாருக்குத் திமிர், பாதி விருந்தில் எழுந்து போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

மே 12, ஞாயிறு

சுங்மோ வரவில்லை. யோன்ஜுவின் அப்பாவைச் சமாதானப்படுத்த சுங்ஜுவுக்குப் போயிருக்கிறானாம். அவளிடமிருந்துதான் போன் வந்தது. நூடுல்ஸ் கடையில் சந்திக்கலாமா என்று கேட்டாள். போனேன்.

இளைத்துவிட்டாள். மறுபடி மன்னிப்பு. "அத்தை, எனக்கு எல்லாம் கத்துக் குடுங்க. நான் கத்துக்குறேன்" என்றாள். அதற்குள் அத்தையாம்! நான் நூடுல்ஸை நிதானமாகச் சாப்பிட்டேன், குளிர்ந்த சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"உம்மேல கோவம் இல்லம்மா. கட்டிக்கங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா வருஷா வருஷம் அவரு திதிக்கு மீன் படைப்போம்ல? அப்ப எங்கண்ணு உங்கையத்தான் பாக்கும். சுங்மோ கண்ணும் பாக்கும். இன்னைக்கு இல்லாட்டியும் பத்து வருஷம் கழிச்சு வீட்ல ஏதாவது ஒண்ணு நடக்கும், ஒரு குழந்தைக்குக் காச்சல் வரும். அப்ப அவன் வாய் சொல்லாது, மனசு சொல்லும். தாங்குவியா நீ?"

அவள் நூடுல்ஸ் அப்படியே இருந்தது. ஐஸ்கூடக் கரைந்துவிட்டது. எழுந்து எனக்குத் தலை குனிந்துவிட்டுப் போனாள். அப்போதும் மரியாதை. கடைசிவரை ஒரு குறை சொல்ல விடவில்லையே இவள்.

மே 19, ஞாயிறு

சுங்மோ தனியாக வந்தான். கண் வீங்கியிருந்தது.

"வேணாம்னு சொல்லிட்டாம்மா. காரணமே சொல்ல மாட்டேங்குறா."

"எல்லாம் நல்லதுக்குத்தான்டா. சாப்புடு." நல்ல துண்டாக எடுத்து அவன் சோற்றில் வைத்தேன். சாப்பிட்டான்.

ஜெயித்துவிட்டேன். எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

பாவி மல்சூன். அவள் வாயில் மண்ணைப் போட.

துறைமுகத் தெரு மீன் கடையில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது எங்கிருந்தோ வந்து எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு கோப்பை சோஜு உள்ளே போய்விட்டது. சுங்மோ மீனின் முள்ளை உருவிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"அடேயப்பா, எவ்வளவு பதனம்! உங்கப்பன் இருந்தா கேலி பண்ணியே கொன்னுருப்பான்டா. அந்த ஆளு மீனப் பொரட்டிப் போட்டு, கவுந்தா கவுறட்டும்பான். படகுத்துறையே திட்டும். உங்கம்மாதான் விழுந்து விழுந்து சிரிப்பா."

நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். "ஏன்க்கா மிதிக்குற?" என்று சத்தமாகக் கேட்டாள் சனியன்.

சுங்மோ முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அவள் போகும்வரை சிரித்த முகமாகப் பேசினான், வாசல்வரை கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

"அடிப்பக்கம் வேணும்னு கேட்டது நீங்கதானம்மா."

அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்ட பிள்ளை. பஸ் ஏற்றிவிட்டான். கை காட்டவில்லை.

ஜூன் 17

கத்துவான் என்று காத்திருக்கிறேன். போன் வரவில்லை. கத்தட்டும். கத்தினால் அழுவேன், அழுதால் கரைவான். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். சரியான நேரத்துக்கு வந்தான். நாற்காலியை இழுத்துவிட்டான், கரண்டிக்கடியில் காகிதம் விரித்தான், நல்ல துண்டை எனக்குத்தான் முதலில் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இன்றும்.

ஜூலை 21, ஞாயிறு

திட்டுடா என்றே சொல்லிவிட்டேன். "நாந்தாண்டா பண்ணேன், உனக்காகத்தான் பண்ணேன், வாயத் தொறந்து திட்டேன்டா!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினான். இரண்டு கையாலும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தரகரிடம் ஒரு பெண்ணின் போட்டோ வாங்கிக்கொண்டு போனேன். நர்ஸ். பூசான் பெண்தான். முதலில் யோன்ஜுவிடமே அழுது கேட்கலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன் — நம்பரை மாற்றிவிட்டாள். அதனால்தான் இந்தப் போட்டோ. சுங்மோ மரியாதையாக வாங்கினான், பார்த்தான், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். பிறகு விலாங்கைத் துண்டு போட ஆரம்பித்தான்.

இப்படியே எத்தனை ஞாயிறு? நான் சாகிறவரைக்கும் வருவான். அது எனக்குத் தெரியும். நான் வளர்த்த பிள்ளை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று ஒரு முடிவோடு போனேன். பெரியவர்கள் கரண்டியை எடுக்காமல் சின்னவர்கள் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. சரி, நான் எடுக்கவே போவதில்லை. "சாப்பிடும்மா" என்று அவன் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஒரு வார்த்தை வந்தால் போதும், மீதியை இழுத்துவிடலாம்.

சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவனும் வைத்துக்கொண்டான். ஆவி அடங்கியது. மேலே கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியது. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். என் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

கடைக்காரி வந்துவிட்டாள். "என்னக்கா, சூப்பு சரியில்லையா?"

"நல்லாருக்குங்க. அம்மா எடுக்கட்டும்னு இருக்கேன்" என்றான், அவளைப் பார்த்து, எவ்வளவு இனிமையாக!

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! குடுத்து வச்சவ அக்கா நீ!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

கரண்டியை எடுத்தேன். அவனும் எடுத்தான்.

கிளம்பும்போது கடைக்காரியிடம் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை எப்பவும் இந்த மேசைய எங்க ரெண்டு பேருக்கே வச்சிருங்க. வேற யாரும் வர மாட்டாங்க."