நாலு சனிக்கிழமைக் கல்யாணப் பாடம்

ஜூன் 2, திங்கள்

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. அதைப் பழுது பார்த்துக் கீழே இறக்கிவிட்டு வீடு வந்தால் கூடத்தில் போதகர். அடுத்த மாதம் கல்யாணம் செய்யப்போகிற ஒரு ஜோடிக்கு நாலு சனிக்கிழமை திருமணப் பாடம் எடுக்க வேண்டுமாம். எங்களுடையது சாட்சியுள்ள, மற்றவர்களுக்கு முன்மாதிரியான குடும்பமாம். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சரி என்றுவிட்டாள். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

ஜூன் 7, சனி

முதல் பாடம். மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். பெண் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவள். பேசும்போதே என் கையில் நரம்பைத் தேடுகிற மாதிரி பார்க்கிறாள். போதகர் கொடுத்த புத்தகத்தில் முதல் கேள்வி: வீட்டில் முடிவு எடுப்பது யார்? இருவரும் ஜெபித்து, கலந்து பேசி எடுப்போம் என்றேன். மேசையடியில் படம் வரைந்துகொண்டிருந்த பாப்பா தலையை நீட்டினாள். எங்கள் ஒரே மகள், எட்டு வயது.

"அது எப்பப்பா?"

பெண் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

ஜூன் 12, வியாழன்

சமையலறைச் சுவரில் புதுப் பலகை அடித்தேன். என் மனைவி அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். உருண்டு கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்து வைத்தாள். அதுவும் விழுந்தது.

லிஃப்ட் தண்டவாளத்தை நூலிழை பிசகாமல் நிறுத்துகிறவன் நான். என்னிடமா? எலுமிச்சம்பழம் உருண்டை, உருளத்தான் செய்யும் என்றேன். சிரித்தாள். பலகையைக்கூட விட்டுவிடலாம். அந்தச் சிரிப்பு இருக்கிறதே— கத்திவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பேச்சு இல்லை. "பாப்பா, அப்பாவ சாப்பிட வரச்சொல்லு." அப்பா மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 14, சனி

இரண்டாம் பாடம்: கோபத்தை மறுநாளுக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்களுடையதற்கு இன்று மூன்றாம் நாள். இவள் என் பக்கம் திரும்பாமலே பாடத்தை அழகாக நடத்தினாள். தண்ணீர் குடிக்கப் போன ஆம்புலன்ஸ்காரன் சமையலறையிலிருந்து, பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே அண்ணே என்று கேட்டுத் தொலைத்தான்.

அவ்வளவுதான். இவள் ஆரம்பித்தாள், நானும் ஆரம்பித்தேன். கடைசியில் அந்தப் பெண்தான் மெதுவாக, அண்ணன் பையில் ரசமட்டம் இருக்குமே என்றாள். வைத்துப் பார்த்தோம். குமிழி இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது.

ரசமட்டம் பழசு என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாலைக் குடும்ப ஜெபம். பாப்பாவின் முறை. "ஆண்டவரே, அந்தப் பலகைய நேராக்குங்க. இல்லன்னா அப்பாவ நேராக்குங்க. ஆமென்."

இவளுடைய ஆமென் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

பாப்பா ஜெபிக்க மாட்டேன் என்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசுங்க. அப்புறம் நான் அவர்கிட்ட பேசுறேன்."

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு பலகைக்காகவா? என்ன மனுஷன்டா நான். ரெண்டு வயசுல கைய எப்படிக் கூப்புறதுன்னு புள்ளைக்குக் காட்டிக் குடுத்ததே நான்தானே—

ஜூன் 18, புதன்

போதகர் போனில் அழைத்தார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று பெண் கேட்கிறாளாம். பாடத்தில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றார். எலுமிச்சம்பழத்தை எங்கிருந்து விளக்குவது?

ஜூன் 19, வியாழன்

வேலைக்குக் கிளம்புமுன் மன்னிப்புக் கேட்டேன். தப்புதான், ஆனா என்று ஆரம்பித்ததும் பாப்பா கையைத் தூக்கினாள். ஆனா கூடாதாம். மறுபடி முயன்றேன். பலகை கோணல்தான், இருந்தாலும்... இருந்தாலும் என்பதும் கூடாதாம்.

"பலகை கோணல். நான் கத்துனது தப்பு. மன்னிச்சிடு."

இத்தனூண்டு வாக்கியம். எட்டு மாடி ஏறின மாதிரி மூச்சு வாங்கியது.

இவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டாவது பழம் நான் வேணும்னேதான் வச்சேன்."

மாலையில் பாப்பா ஜெபித்தாள். நீளமாக. கால் மரத்துப்போனது, நான் அசையவில்லை.

ஜூன் 21, சனி

வரமாட்டார்கள் என்று நினைத்தோம். வந்தார்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னோம். பெண் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்தாள். பிறகு இவளைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வீட்ல சண்டையே வராதுக்கா. ஒருநாள் அப்பா பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. சண்டை போட்டவங்க திரும்ப எப்படிப் பேசுவாங்கன்னு நான் பார்த்ததே இல்ல."

அதனால்தான் போன வாரம் பயந்துவிட்டாளாம். ஆம்புலன்ஸ்காரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இது அவனுக்கும் புதுசு போல.

பிறகு பெண் குறிப்பேட்டைத் திறந்து, அண்ணன் மன்னிப்புக் கேட்டதை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். பாப்பா எழுந்து வந்து என்னைப்போலவே நடித்துக் காட்டினாள், மூச்சு வாங்கியது உட்பட. எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

ஜூன் 28, சனி

கடைசிப் பாடம், விசுவாசத்தில் பிள்ளை வளர்ப்பது. பன்னிரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்திலேயே பாப்பா, இதை எழுதியவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். அதுபற்றி ஒன்றும் போடவில்லை.

ஜூலை 12, சனி

கல்யாணம். தள்ளிவைக்கவில்லை. உடன்படிக்கை சொல்லும் இடத்தில் மாப்பிள்ளை தன் பெயரையே மறந்துவிட்டான். பெண்தான் எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாலை ஆறு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் புதுஜோடி. சோபாவின் இந்த முனையில் அவன், அந்த முனையில் அவள். ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவதா, மூடிவிட்டுத் தூங்குவதா என்பதுதான் விவகாரம். பேசி நாலு நாள் ஆகிறதாம்.

நான் உபதேசத்துக்குத் தயாரானேன். இவள் என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கூடத்தில் பாப்பா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

"யாராவது ஒருத்தர் ஆரம்பிங்க. எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு."

நாங்கள் இருவரும் கதவோரம் காதை வைத்தோம். பிறகு இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன.