ஐஸ் ஹொக்கியை விடட்டுமா, அம்மா?

குளிரே ஒத்துவராத, ஆனாலும் எனக்காகக் குளிருக்குள் வந்திருந்த என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. போன வருடம் போலவே உங்கள் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே ஒரு கவிதையும் எழுதி இணையத்தில் போட வேண்டும் என்று தம்பி கோபி நிற்கிறான். கவிதையை இந்தமுறை நான் எழுத வேண்டுமாம். எனக்குக் கவிதை வராது. எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தபிறகு என் தமிழ் நீங்கள் சமைக்கிற குசினியின் மேசையில்தான் வளர்ந்தது. அந்தத் தமிழில் கடிதம்தான் எழுதலாம். ஊரே வாசித்தாலும் பரவாயில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் சரியில்லை. வலது முழங்கால்தான், சுவீடனில் கிழிந்து தைத்தது. பிசியோ செய்கிற பெண் அதை மடக்கியும் நீட்டியும் பார்த்தாள். இன்னும் ஒரு பருவம் இழுத்துப்பிடிக்கலாம், அதற்குப் பிறகு மாடிப்படி ஏறுவதே உனக்குப் பெரிய ஆட்டமாக இருக்கும் என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணியில் இன்னொரு வருடத்துக்கு ஒப்பந்தம் தந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு முப்பத்துநான்கு வயது, அம்மா. களைத்துப்போனேன். வலியைச் சொல்லவில்லை, அது எப்போதோ பழகிவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம், பின்னேரம் பயிற்சி, வீட்டுக்கு வந்தால் காயாத கையுறைகளைக் காயப்போடுகிற வேலை. மற்றப் பெண்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. விழுந்தால் பந்து மாதிரி எழும்புகிறார்கள். நான் எழும்புவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறேன். அந்த யோசனைதான் என்னைக் களைக்க வைக்கிறது.

எனக்கும் அவர்கள் வயது இருந்தது. சுவீடனின் வடக்கே ஒரு சின்ன ஊரில் விளையாடுவதற்கே சம்பளம் தந்து வைத்திருந்தார்கள். நீங்கள் சனத்துக்கு "மகள் சுவீடனிலை வேலை" என்று மட்டும் சொன்னீர்கள். என்ன வேலை என்று தோண்டினவர்களுக்கு "ஐஸோடை சம்பந்தப்பட்டது" என்றீர்கள். விம்பிள்டன் கோயிலில் பார்க்கிற ஒரு மாமி, நான் மீன் ஏற்றுமதிக் கம்பனியில் இருந்ததாகவே இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறா. போன மாதம்கூட இறால் என்ன விலை போகிறது என்று கேட்டா.

பிறகு லண்டனிலும் ஒரு அணி பெண்களுக்குக் கொஞ்சமாவது காசு கொடுக்கத் தொடங்க, நான் திரும்பி வந்தேன். அந்த வருடச் சரஸ்வதி பூசை உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா தான் ஓட்டுகிற வானின் திறப்புச் சாவியை வைத்தார். உங்கள் தையல் மெசின், கோபியின் லாப்டொப், எனது ஹொக்கி மட்டை எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. கடைசியாக அப்பா என் ஸ்கேட் சப்பாத்து இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் கும்பத்துக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றீர்கள்.

"காலிலை போடுறதைக் கொண்டுவந்து சரஸ்வதிக்கு முன்னாலை வைக்கிறியளோ?"

"இது சப்பாத்தில்லை. பிள்ளையின்ரை ஆயுதம்."

"ஆயுதமெண்டால் மட்டை இருக்கே. அது காணும்."

"மட்டை இல்லாட்டியும் ஐஸிலை நிக்கலாம். இது இல்லாமல் நிக்கேலாது."

அப்பாவிடம் நீங்கள் தோற்று நான் கண்டதில்லை. அன்றைக்கும் தோற்கவில்லை. சப்பாத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தீர்கள், அடித்தகட்டை விரலால் தடவினீர்கள், பிறகு என்னைப் பார்த்து "இந்த இரும்பு கழருமோ?" என்று கேட்டீர்கள். கழரும் என்றேன். கழற்றினோம். சப்பாத்து வாசலுக்குப் போனது, தகடு இரண்டும் வாழையிலைக்கு வந்தன. உங்கள் கையாலேயே அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். விஜயதசமி விடியப் பூசை செய்துதான் எடுக்கலாம் என்று உத்தரவும் போட்டீர்கள்.

விடிய நான் அணியின் பஸ்ஸில் வெளியூர் ஆட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கே உடுப்பு மாற்றுகிற அறையில் பையைத் திறந்தால், அடியில் ஒன்றுமில்லாத சப்பாத்து இரண்டு கிடந்தன. மாற்றுத் தகடுகளைத் தீட்டக் கொடுத்திருந்தேன். வேறெந்த ஹொக்கிக்காரிக்கும் இப்படியொரு கெட்டகாலம் வந்திருக்காது. தகடு சாமியிடம் இருக்கிறது என்று பயிற்சியாளருக்குச் சொன்னேன். அவள் என் தலையில் அடிபட்டிருக்கிறதோ என்று கண்ணைப் பார்த்தாள்.

நான் போன் பண்ண, அப்பா தகடுகளோடு வானை விரட்டிக்கொண்டு வந்தார். நீங்களும் இறங்கினீர்கள், பூசைச் சேலைக்கு மேல் அப்பாவின் ஜக்கெட்டோடு. அன்றைக்குத்தான் நீங்கள் முதன்முதலாக ஒரு ஐஸ் அரங்குக்குள் கால் வைத்தீர்கள். எங்கள் சாமான்களைப் பார்க்கிற பெண் தகட்டை வாங்கி, குங்குமத்தைப் பார்த்து இதென்ன துருவா என்று துடைக்கப் போனாள். "துடைக்க வேண்டாமெண்டு சொல்லு" என்றீர்கள். நான் கடைசிப் பகுதி மட்டும் விளையாடினேன். தோற்றோம். ஆனால் அதற்குப் பிறகு லண்டனில் நடந்த ஒரு ஆட்டத்தையும் நீங்கள் தவறவிடவில்லை.

ஒருமுறை எதிரணியின் ஏழாம் நம்பர் என்னை இடித்து விழுத்தினாள். இடைவேளையில் பார்த்தால், நீங்கள் அவளின் தாயைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் இருந்து வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்ன கதைத்தீர்கள்? உங்கள் ஆங்கிலத்துக்கு அவ்வளவு நேரம் என்ன இருந்தது கதைக்க? அந்த மனிசி உங்கள் செத்தவீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் இருந்து அழுதா. அப்போதும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அப்பா தனியாக வருகிறார். விதிகளை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தது நீங்கள்தான் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விசில் அடித்தால், ஏன் அடித்தார்கள் என்று தெரியாமல் பக்கத்தில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார். ரெய்னர்ஸ் லேன் வீட்டில் கிழமை முழுக்கச் சாரம் கட்டினபடி டீவிக்கு முன்னால் கிடக்கிற மனிதர், சனிக்கிழமை மட்டும் முகம் வழித்து, சேட்டுக்கு அயன் போட்டு, மத்தியானமே வெளிக்கிட்டு நிற்கிறார். நான் விட்டால் அந்தச் சனிக்கிழமையும் போய்விடும். முழங்காலைக் காட்டிப் பயிற்சியாளருக்கு "ஏலாது" என்று சொல்லலாம். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது?

போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வானுக்குள் ஏறினோம். அப்பா திறப்பைப் போட்டார், திருப்ப முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். விரல்கள் வெள்ளைவெளேரென்று இருந்தன.

"கைக்கு என்னப்பா?"

"குளிருக்கு விறைக்குது. கொஞ்சத்தாலை சரியாயிடும்."

"எவ்வளவு காலமா?"

"போன வருசத்திலையிருந்து. டொக்டர் உந்தக் குளிருக்கை போய் இருக்காதையுங்கோ எண்டவர்."

"பிறகேன் வாறியள்?"

"நீ விளையாடுறாய். நானும் வராட்டி உனக்கு ஆர் இருக்கினம்?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்பா, நீங்கள் வாறியள் எண்டுதான் நான் இன்னும் விளையாடுறன்" என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து திறப்பைத் திருப்பி வானை ஸ்டார்ட் பண்ணினேன். அவர் விரல்களைச் சூட்டுக்காற்றில் பிடித்தார்.

"கொம்மா இருந்திருந்தால் ரெண்டு பேருக்கும் நல்ல ஏச்சு விழுந்திருக்கும்" என்றார். பிறகு, "அப்ப சனிக்கிழமையளிலை நாங்கள் என்ன செய்யிறது, பிள்ளை?" என்று கேட்டார்.

இருபது வருடத்துக்கு மேலாக எனக்குச் சனிக்கிழமை என்றால் ஆட்டம் மட்டும்தான், அம்மா. இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். நீங்கள் இல்லாத வீட்டுக்குள் போகப் பயந்துதான் இவ்வளவு நாளும் அந்தக் குளிருக்குள் போய் இருந்திருக்கிறோம்.

நாளைக்குப் பயிற்சியாளரிடம் போய், ஹொக்கியை விடுகிறேன் என்று சொல்லப் போகிறேன். அழுவேன் என்று நினைக்கிறேன், அழுதாலும் சொல்லுவேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற சனிக்கிழமையும் அப்பா பழக்கத்தில் முகம் வழித்து, சேட்டு அயன் போட்டு, மத்தியானமே வெளிக்கிட்டுவிடுவார். போவதற்கு இடமில்லை என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வரும். அந்த நேரம் அவர் தனியாக நிற்கமாட்டார்.

இப்படிக்கு,
உங்களைச் சனிக்கிழமைதோறும் குளிருக்குள் இருத்திவைத்த மூத்தவள்,
வதனி