வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

இன்று காலை ஆசிரியர் அறை பீரோவைத் திறந்தேன். ஒரே மெழுகு வாசனை. கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த சூட்டில் உன் கிரேயான் டப்பா உருகி, சிவப்பும் பச்சையும் ஒன்றாகி, தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுக்கலாம் என்று ஸ்கேலைத் தேடினேன். மனம் வரவில்லை. பீரோவைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு வருடம், நீ வரும் நாளெல்லாம் மாலையில் ஒன்றாகத்தான் திரும்பினோம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. எதிர் சீட்டில் கம்பெனியில் ஷிப்ட் முடிந்த பையன்கள் தூங்கி விழுவார்கள். நான் கணக்கு நோட்டுகளைத் திருத்துவேன். நீ அவற்றின் பின்னட்டையில் அந்தப் பையன்களை வரைவாய். நோட்டில் கிறுக்காதே என்று அதட்டினால், "உன் செவப்பு மைக்கு இது எவ்ளோ தேவல டீச்சர்" என்பாய். என் வயதுதான் உனக்கும். ஆனாலும் கேலிக்காக என்னை டீச்சர் என்றே கூப்பிட்டாய்.

நான் கணக்கு டீச்சர். நீ பகுதிநேர ஓவிய டீச்சர், வாரத்தில் மூன்று நாள், மதியத்துக்கு மேல் மட்டும். எட்டாம் வகுப்பில் உனக்கென்று இருந்தது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்றே ஒன்று. அதையும் நான் விட்டுவைக்கவில்லை. போர்ஷன் முடியவில்லை, டெஸ்ட் வைக்க வேண்டும், ஏதாவது ஒரு காரணம். ஓவிய பீரியடை எங்கள் கூட்டம் கேட்டா வாங்கும்? வாசலில் போய் நின்றால் போதும், நீ சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

ஆறாவது வருடம்தான் எல்லாப் பாடத்திலும் கலையையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து நடத்த எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பாட ஆசிரியர்கள் மட்டும் போனோம். கலை பற்றிய பயிற்சிக்கு ஓவிய டீச்சரைக் கூப்பிடவில்லையே என்று எனக்கு உறைக்கக்கூட இல்லை. வட்டத்துக்குப் பூ வரைந்தால்தான் பரப்பளவு புரியுமா என்று எரிச்சல்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள், பள்ளிக்குப் போய் ஒரு மாதிரி வகுப்பு நடத்தி, படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

கணக்கு பீரியடைக் கெடுத்துக்கொள்வேனா? வெள்ளிக்கிழமை உன் பீரியடில் நுழைந்தேன். 'கணக்கில் ஓவியம்' என்று போர்டில் எழுதி, பிள்ளைகளை வட்டம் வட்டமாக வரையச் சொல்லிவிட்டு, போனில் படம் எடுத்துத் தள்ளினேன். நிமிர்ந்தால் வாசலில் நீ, கையில் கலர் சாக்பீஸோடு.

"கணக்குல ஓவியத்த சேக்கறதுக்கு ஓவிய பீரியடயே எடுத்துக்கினியா டீச்சர்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை நீயே என் வகுப்புக்கு வந்தாய். "வெறும் வட்டமா போட்டுக்கினு இருந்துச்சுங்க, பாவமா இருந்துச்சு" என்றாய். டிரெய்லரில் ஏற்றி ரோட்டோரம் நிறுத்தியிருந்த புதுக் கார்களின் சக்கரங்களைப் போனில் படம் பிடித்து வந்திருந்தாய். அதைத் திரையில் பெரிதாகப் போட்டு, ஐந்து கம்பிச் சக்கரம் ஒன்றை வெறும் கையால் வரையச் சொன்னாய். எல்லோருக்கும் கடைசி இடைவெளி மட்டும் கோணிக்கொண்டது. "இன்னாத்துக்கு இடிக்குது? உங்க கணக்கு டீச்சரக் கேளுங்க" என்று என் பக்கம் திருப்பிவிட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், கார் கம்பெனியில் சக்கரம் மாட்டும் லைனில் அப்பா வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து, "முந்நூத்தி அறுபத அஞ்சால வகுக்கணும் மிஸ். எழுவத்திரெண்டு டிகிரி!" என்றாள். உடனே பாகைமானிக்கு அடிதடி. என் சர்வீஸில் பிள்ளைகள் அதற்காகச் சண்டை போட்டுப் பார்த்ததில்லை.

அன்று ஆட்டோவில், "வெள்ளிக்கிழமை இனிமே உன்னோடதுதான்" என்று சொல்ல வந்தேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூனில் புது டைம்டேபிள் போடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகும் மார்ச் வரை ஒரு வெள்ளி விடாமல் எடுத்துக்கொண்டேன். மே மாதம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். மறைமலை நகரில் உன் வீட்டு முன்னால் பிள்ளைகளோடு நின்றபோது எனக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது.

உன் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. அந்த ஜூனிலேயே தலைமையாசிரியை, "வெள்ளி கடைசி பீரியட உங்க கணக்குக்கே போட்டுடட்டுமா?" என்று கேட்டார். "வேணாம் மேடம், ஓவியம்னே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன். கணக்கு நோட்டுகூட இல்லாமல் போகிறேன். போன வருடம் ஒருநாள் யானை வரைந்தேன்; பன்றி நல்லா இருக்கு மிஸ் என்றார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். அறிவியலுக்கு ரெக்கார்டு முடியவில்லையாம், இங்கிலீஷுக்கு டெஸ்டாம். முடியாது என்கிறேன். நீ இருந்தபோது ஒரே ஒரு வெள்ளிக்கிழமையாவது நான் எனக்கே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.